ஸ்வீடன் பல்கலைக்கழகங்கள்: யாருக்கு இலவசம், யாருக்கு இல்லை

கேட்கப்பட்ட கேள்வி இது: மகள் கோயம்புத்தூரில் பி.இ. கடைசி வருடம் படிக்கிறாள். ஸ்வீடனில் உயர்கல்வி இலவசம் என்கிறார்கள், உண்மையா? அங்கே பல்கலைக்கழகங்கள் எப்படி நடக்கின்றன? எம்.எஸ். படிக்க அனுப்பலாமா?

முதலில் பணம். ஸ்வீடன் குடிமக்களுக்கு இலவசம். ஐரோப்பிய ஒன்றியம், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் குடிமக்களுக்கும் இலவசம். உங்கள் மகளுக்கு இல்லை. 2011 இலையுதிர் பருவத்துக்கு முன்னால் உலகின் எந்த மூலையிலிருந்து வந்தாலும் கட்டணம் கிடையாது. அந்தக் காலத்தில் படித்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் சொன்ன கதைதான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆனால் கட்டணத்தை மட்டும் தெரிந்துகொண்டு ஒரு பிள்ளையை அங்கே அனுப்புவது சரியாக இருக்காது. அந்த முறை யாரை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது என்று புரிந்தால்தான், அங்கே எது எளிது, எது கடினம் என்பது புரியும். சுருக்கமாகச் சொன்னால், ஸ்வீடன் அரசின் உயர்கல்விக் கணக்கில் பதினெட்டு வயது தாண்டியவருக்கு அப்பா அம்மா கிடையாது. சேர்க்கை, பணம், தேர்வு, தங்குமிடம் எல்லாமே இந்த ஒரு எண்ணத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

பணத்திலேயே இதைப் பார்க்கலாம். படிப்புக் கட்டணம் இல்லாவிட்டாலும் மாணவர் சாப்பிட வேண்டும், வாடகை கொடுக்க வேண்டும். அதற்குச் சி.எஸ்.என். என்ற அரசு அமைப்பு மானியமும் கடனும் கொடுக்கிறது. இரண்டும் சேர்த்து மாதத்துக்குச் சுமார் 13,000 குரோனர் (ஸ்வீடன் நாணயம்). அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானது மானியம், மீதி கடன். 1965-இல் இந்த ஏற்பாடு வந்ததிலிருந்து பெற்றோரின் வருமானத்தை யாரும் கேட்பதில்லை. பெரிய கம்பெனி முதலாளியின் மகனுக்கும் பேருந்து ஓட்டுநரின் மகளுக்கும் ஒரே தொகை. ஜாமீன் கையெழுத்து வேண்டாம், சொத்துப் பத்திரம் வேண்டாம். மாணவர் தானே அதிகம் சம்பாதித்தால் மட்டும் தொகை குறையும்.

இலவசமாகத் தூக்கிக் கொடுப்பதும் இல்லை. முதல் ஆண்டில் எடுத்த பாடங்களில் 62.5 சதவீதப் புள்ளிகளாவது (கிரெடிட்) தேற வேண்டும், அதற்குப் பிறகு 75 சதவீதம். தேறாவிட்டால் அடுத்த பருவத்துக்குப் பணம் வராது. உயர்கல்விக்கு மொத்தம் 240 வாரங்களுக்கு இந்த உதவி உண்டு. கடனைத் திருப்பிக் கட்டப் பொதுவாக இருபத்தைந்து ஆண்டு அவகாசம். அதனால் கல்விக் கட்டணமே இல்லாத நாட்டில் பெரும்பாலான மாணவர்கள் கடனோடுதான் வெளியே வருகிறார்கள். நாற்பத்தைந்து வயதில் சி.எஸ்.என். தவணை கட்டிக்கொண்டிருப்பது அங்கே சாதாரண விஷயம். இந்த விலையைக் கொடுத்துத்தான் பிள்ளைகள் அப்பாவின் பையை நம்பாமல் தங்களுக்குப் பிடித்த படிப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் நல்ல பேரம்தான்.

சேர்க்கையிலும் இதே எண்ணம்தான். இடங்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பள்ளி மதிப்பெண்ணுக்கு, மூன்றில் ஒரு பங்கு ‘ஹோக்ஸ்கூலேப்ரூவெட்’ என்ற பொதுத் தேர்வுக்கு, மீதியைக் கல்வி நிறுவனமே சில வரம்புகளுக்குள் தீர்மானிக்கலாம். அந்தத் தேர்வு 1977-இல் வந்தபோது பள்ளியில் சரியாகப் படிக்காமல் வேலைக்குப் போய்விட்ட பெரியவர்களுக்கான இரண்டாவது வாசலாகத்தான் வைத்தார்கள். இருபத்தைந்து வயதும் நான்காண்டு வேலை அனுபவமும் இருந்தால் எழுதலாம். 1991-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பூஜ்யத்திலிருந்து 2.0 வரை மதிப்பெண். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், சிறந்த மதிப்பெண்ணே கணக்கு. ஒரே ஒரு நாள் தேர்வில் வாழ்க்கை முடிந்துபோகும் பயம் இதனால் வெகுவாகக் குறைகிறது. மருத்துவம், உளவியல், சட்டம் போன்றவற்றுக்குப் போட்டி அங்கேயும் கடுமைதான். அதில் சந்தேகம் வேண்டாம்.

இதன் பலனை வகுப்பறையில் பார்க்கலாம். முப்பத்திரண்டு வயதுத் தச்சர், இரண்டு குழந்தைகளின் தாயான செவிலியர், பள்ளி முடித்து ஓராண்டு ஊர் சுற்றிவிட்டு வந்த இருபது வயதுப் பையன் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். இருபத்திரண்டு வயதில் பட்டம் வாங்கியே ஆக வேண்டும் என்ற அவசரம் அங்கே இல்லை. உங்கள் மகளின் குழுவில் அவளைவிடப் பத்து வயது மூத்தவர் இருந்தால் அவர் ஃபெயிலாகித் தங்கிவிட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம்.

அடுத்து, நிறுவனங்கள். மொத்தம் ஏறத்தாழ ஐம்பது உயர்கல்வி நிறுவனங்கள் உள்ளன. உப்சாலா 1477-இல் தொடங்கியது, ஸ்காண்டிநேவிய நாடுகளிலேயே மூத்தது அதுதான். லுண்ட் 1666. அதன் பிறப்பில் அரசியல் உண்டு. தென்கோடியிலுள்ள ஸ்கோனே மாகாணம் 1658 வரை டென்மார்க்கிடம் இருந்தது. அதைக் கைப்பற்றிய ஸ்வீடன், அங்கிருந்த இளைஞர்கள் கோபன்ஹேகனுக்குப் படிக்கப் போகாமலிருக்கவும், வருங்காலப் பாதிரிகளையும் அதிகாரிகளையும் ஸ்வீடன்காரர்களாக வார்த்தெடுக்கவும் எட்டே ஆண்டுகளில் ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவியது. 

உப்சாலாவுக்கும் நம் கடற்கரைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1741 முதல் உப்சாலாவில் பேராசிரியர். அவருடைய மாணவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்து, தென்னிந்தியத் தாவரங்களைச் சேகரித்தார். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பது இந்தக் கோனிக்தான்.

தொழில்நுட்பத்துக்கு ஸ்டாக்ஹோமில் கே.டி.எச். (1827), கோத்தன்பர்க்கில் சால்மர்ஸ் (1829). சால்மர்ஸ், ஸ்வீடன் கிழக்கிந்தியக் கம்பெனியில் சீன வணிகத்தால் பணக்காரரான வில்லியம் சால்மர்ஸ் உயில் எழுதி வைத்த சொத்தில் உருவானது. மருத்துவத்துக்குக் கரோலின்ஸ்கா (1810). மருத்துவ நோபல் பரிசை முடிவு செய்வது அங்குள்ள பேராசிரியர்கள் ஐம்பது பேர் கொண்ட அவை. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகம் 1878-இல் தனியார் முயற்சியாகத் தொடங்கியது. ரஷ்யக் கணித மேதை சோஃபியா கோவலெவ்ஸ்காயா 1889-இல் அங்கே முழுப் பேராசிரியர் ஆனார். ஐரோப்பாவின் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் பெண்களை மாணவிகளாகச் சேர்க்கவே தயங்கிய காலம் அது. வடக்கே உமியோ 1965, நடுவே லின்ஷோப்பிங் 1975. இவை வெறும் புதிய வளாகங்கள் இல்லை, தலைநகரை விட்டு வெளியே கல்வியைக் கொண்டுபோன அரசுக் கொள்கையின் பலன்கள். 

‘ஹோக்ஸ்கூலா’ என்று இன்னொரு வகை உண்டு. அவை சிறியவை, முனைவர் பட்டம் வழங்கக் குறிப்பிட்ட துறைகளில் மட்டும் அனுமதி பெற்றவை. ஆனால் இளங்கலை, முதுகலைப் பட்டத்தின் சட்ட மதிப்பு இரண்டு இடத்திலும் ஒன்றே. ஸ்வீடன்காரர்கள் கல்லூரிப் பெயரை வைத்து ஆளை எடை போடுவது நம்மைவிட மிகக் குறைவு. அதற்காக வித்தியாசமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர் பெரிய பல்கலைக்கழகத்தில் இருப்பதே நல்லது.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று: சால்மர்ஸ், யோன்ஷோப்பிங் போன்ற சிலவற்றைத் தவிர, பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் சட்டப்படி அரசு அலுவலகங்கள். ஸ்வீடனில் அரசு ஆவணங்கள் பொதுமக்கள் பார்வைக்கு உரியவை. 1766-லிருந்து இந்தச் சட்டம் இருக்கிறது. ஆகவே பழைய வினாத்தாள்களைக் கேட்டால் கொடுக்க வேண்டும். பேராசிரியர் பதவிக்கு யார் யார் விண்ணப்பித்தார்கள், மதிப்பீட்டாளர்கள் என்ன எழுதினார்கள் என்பதையும் கேட்டு வாங்கலாம். ஒரு மாணவர் பெற்ற கிரேடுகூடப் பொதுவாகப் பொது ஆவணமே. இதில் ஒரு வேடிக்கை. “நான் அவளுடைய அப்பா, வகுப்புக்கு ஒழுங்காக வருகிறாளா?” என்று நீங்கள் துறைக்கு எழுதினால் பணிவாக மறுத்துவிடுவார்கள். தந்தை என்ற முறையில் உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. பொதுமக்களில் ஒருவராகக் கிரேடைக் கேட்டால் அனுப்பி வைப்பார்கள்!

சரி, படிப்பு எப்படி நடக்கும்? உங்கள் மகளுக்கு உண்மையான அதிர்ச்சி இங்கேதான்.

ஓர் ஆண்டுக்கு 60 புள்ளிகள். நாற்பது மணி நேரம் உழைத்தால் ஒரு வாரம், ஒரு வாரத்துக்கு 1.5 புள்ளி என்று கணக்கு. பொறியியல் முதுகலையில் ஆண்டை நான்கு காலப்பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் 7.5 புள்ளியில் இரண்டு பாடங்கள் மட்டும் வைப்பார்கள். பத்து வாரத்தில் அந்த இரண்டும் முடிந்து, தேர்வும் முடிந்து, அடுத்த இரண்டு தொடங்கிவிடும். ஒரே சமயத்தில் ஆறு பாடம் படித்து, கடைசி மாதத்தில் உட்கார்ந்து மனப்பாடம் செய்து ஒப்பேற்றுகிற பழக்கம் இங்கே எடுபடாது. மூன்றாம் வாரம் விட்டுப்போனால் ஆறாம் வாரம் ஒன்றும் புரியாது.

வகுப்பு நேரம் குறைவு. பொறியியலில் பரவாயில்லை. வரலாறு, இலக்கியம் போன்ற கலைப் படிப்புகளிலும் சமூக அறிவியலிலும் வாரத்துக்கு எட்டு மணி நேரம்கூட இருக்காது. மீதி முப்பத்திரண்டு மணி நேரமும் நூலகத்திலும் குழுவிலும் செலவழியும் என்று நம்பி விட்டுவிடுகிறார்கள். விரிவுரைக்கு வருகைப் பதிவு பெரும்பாலும் இல்லை. ஆய்வகத்துக்கும் கருத்தரங்குக்கும் உண்டு. பத்து மணி வகுப்பு என்று அட்டவணையில் இருந்தால் பத்தே காலுக்குத்தான் தொடங்கும். இதற்கு அகாதமிக் கால்மணி என்று பெயர். ஆனால் பத்தே காலுக்கு மேல் ஒரு நிமிடம் தாமதமானாலும் முகம் சுளிப்பார்கள்.

பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். 1960-களின் இறுதியில் ஸ்வீடிஷ் மொழியில் மரியாதை விளிகளையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு எல்லோரும் எல்லோரையும் ஒருமையில் அழைக்கத் தொடங்கினார்கள். நம் பிள்ளைகள் முதல் பருவம் முழுக்க ‘சார்’ போட்டுவிட்டு மெதுவாகத்தான் மாறுவார்கள். அது பெரிய பிரச்சினை இல்லை. கேள்வி கேட்காமல் இருப்பதுதான் பிரச்சினை. புரியவில்லை என்று வகுப்பில் கையைத் தூக்குகிறவரை அங்கே மட்டமாக நினைப்பதில்லை. வாயைத் திறக்காமல் இருப்பவருக்குத்தான் படிப்பில் அக்கறை இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

தேர்வை ‘தெந்தா’ என்பார்கள். நான்கு, ஐந்து மணி நேரம் நடக்கும். மாணவர்கள் சாண்ட்விச், வாழைப்பழம், காபி ஃபிளாஸ்க் எல்லாம் கொண்டுவந்து மேசையில் வைத்துக்கொண்டு எழுதுவார்கள். விடைத்தாளில் பெயர் இருக்காது, ஒரு குறியீட்டு எண் மட்டும் இருக்கும். திருத்துபவருக்கு அது யாருடையது என்று தெரியாது. தவறினால் மறுதேர்வு உண்டு. எத்தனை முறை எழுதலாம் என்று ஒரு பல்கலைக்கழகம் வரம்பு வைத்தாலும் அது ஐந்துக்குக் குறையக் கூடாது என்கிறது விதி. இரண்டு முறை ஒரே தேர்வாளரிடம் தவறினால் வேறு தேர்வாளர் வேண்டும் என்று கேட்கும் உரிமையும் உண்டு. கிரேடு சில இடங்களில் ‘தேர்ச்சி’, ‘சிறப்புத் தேர்ச்சி’ என்று இரண்டே படி. சில இடங்களில் 3, 4, 5. கே.டி.எச்., ஸ்டாக்ஹோம் போன்றவற்றில் ஏ முதல் எஃப் வரை. வகுப்பில் முதலிடம், தங்கப் பதக்கம், ரேங்க் என்று ஒன்றும் இல்லை. இருபது வருடம் ரேங்க் வாங்கியே பழகிய பிள்ளைக்கு முதல் சில மாதம் இது வெறுமையாகக்கூட இருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய இரண்டு பொறிகள். முதலாவது, பல இடங்களில் தேர்வுக்கு முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். மறந்தால் எழுத முடியாது. நினைவூட்ட யாரும் வரமாட்டார்கள், கெஞ்சினாலும் பலன் பெரும்பாலும் இருக்காது. இரண்டாவது, வீட்டுப்பாடத்தில் நண்பனின் விடையைப் பார்த்து எழுதுவது. நம் கல்லூரிகளில் கண்டும் காணாமல் விடப்படும் ரெக்கார்டு நோட்டு வேலை அங்கே ஏமாற்று. சந்தேகம் வந்தால் ஆசிரியர் தானே மன்னித்துவிட முடியாது, ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பியாக வேண்டும். அந்தக் குழுவில் துணைவேந்தர், நீதிபதி அனுபவம் உள்ள ஒருவர், ஆசிரியர், மாணவர் பிரதிநிதிகள் இருப்பார்கள். ஆறு மாதம் வரை இடைநீக்கம் செய்யலாம். வெளிநாட்டு மாணவருக்கு அது குடியிருப்பு அனுமதியையும் பாதிக்கக்கூடும். முதல் பருவத்தில் நம் பிள்ளைகள் சிக்குவது பெரும்பாலும் இதில்தான். கெட்ட எண்ணத்தால் செய்வதில்லை, ‘சேர்ந்து படிக்கிறோம்’ என்று நினைத்துச் செய்துவிடுகிறார்கள். போவதற்கு முன்பே சொல்லி அனுப்புங்கள்.

இப்போது உங்கள் செலவுக் கணக்கு. 2011-இல் கட்டணம் வந்ததும் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேர்ந்தவர்கள் எண்ணிக்கை முக்கால்வாசிக்கு மேல் சரிந்தது. பிறகு மெல்ல மெல்ல ஏறியது. கட்டணத்தில் லாபம் பார்க்கக் கூடாது, செலவை மட்டும் ஈடுகட்ட வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஸ்வீடனில் செலவே அதிகம். துறையைப் பொறுத்து ஆண்டுக்குச் சுமார் 80,000 குரோனரிலிருந்து 3 லட்சம் குரோனர் வரை இருக்கிறது. பொறியியல் முதுகலைக்குச் சுமார் ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாழ்க்கைச் செலவுக்கு மாதம் பத்தாயிரம் குரோனருக்குச் சற்று மேல் கையில் இருப்பதைக் காட்டினால்தான் அனுமதி கிடைக்கும். ஸ்டாக்ஹோமில் அது இழுத்துப் பிடித்துத்தான் போதும். இரண்டு ஆண்டுக்குக் கட்டணம் 3 லட்சம், வாழ்க்கைச் செலவு இரண்டரை லட்சம், ஆக ஐந்தரை லட்சம் குரோனர். ஒரு குரோனர் ஒன்பது ரூபாய் என்றால் சுமார் 50 லட்ச ரூபாய்.

ஸ்வீடன் இன்ஸ்டிட்யூட் என்ற அரசு அமைப்பு கட்டணம், வாழ்க்கைச் செலவு இரண்டையும் ஏற்கும் உதவித்தொகை தருகிறது. தகுதியுள்ள நாடுகளின் பட்டியல் மாறிக்கொண்டிருக்கும். வேலை அனுபவமும் தலைமைப் பண்பும் கேட்பார்கள். படிப்பை இப்போதுதான் முடிப்பவருக்கு அது எட்டாது. லுண்ட், உப்சாலா, கே.டி.எச்., சால்மர்ஸ் எல்லாம் தங்கள் சொந்த உதவித்தொகைகளை வைத்திருக்கின்றன. அவை பெரும்பாலும் கட்டணத்தில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ கழிக்கும், சாப்பாட்டுக்கு வராது. பகுதிநேர வேலை செய்து கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று எந்த ஏஜெண்டாவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்வீடிஷ் தெரியாதவருக்குக் கிடைக்கும் பகுதிநேர வேலைகள் குறைவு. கிடைத்தாலும் வாடகைக்கு உதவும், அவ்வளவுதான்.

ஆனால் முனைவர் பட்டத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. உங்கள் மகளுக்கு ஆராய்ச்சியில் ஆர்வம் இருந்தால் ஸ்வீடனின் உண்மையான கவர்ச்சி அங்கேதான் இருக்கிறது.

ஸ்வீடனில் பி.எச்.டி. மாணவர் ஒரு சம்பள ஊழியர். எந்த நாட்டவருக்கும் கட்டணம் இல்லை. மாதம் முப்பதாயிரம் குரோனருக்குக் குறையாத சம்பளம், அதிலிருந்து வரி. ஓய்வூதியத்துக்குப் பணம் சேரும், நோய் விடுப்பு உண்டு, குழந்தை பிறந்தால் சம்பளத்தோடு நீண்ட விடுப்பு உண்டு, அந்தக் காலம் படிப்புக் காலத்தில் சேராது. ஆராய்ச்சிக்கு நான்கு ஆண்டுகள். ஐந்தில் ஒரு பங்கு நேரம் வரை பாடம் எடுத்தால் ஐந்து ஆண்டுகள் ஆகும். இடங்கள் அரசு வேலை போலப் பல்கலைக்கழக இணையதளத்தில் விளம்பரமாக வரும். வருடம் முழுக்க வரும், ஒரே கடைசித் தேதி என்று கிடையாது. விண்ணப்பிக்க முதுகலை தேவை, பேராசிரியரோடு முன்பே எழுதிப் பழகியிருந்தால் நல்லது, ஆனால் சிபாரிசில் நடக்காது. ஒரு இடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் வருவதும் உண்டு.

முடிவில் நடக்கும் சடங்கு அழகானது. பொது விவாதத்துக்குச் சில வாரம் முன்னால் ஆய்வேட்டில் ஒரு துளை போட்டு, ஆணியும் சுத்தியலும் எடுத்துப் பல்கலைக்கழகச் சுவரில் அறைய வேண்டும். யார் வேண்டுமானாலும் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்கலாம் என்பதற்கான அறிவிப்பு அது. இணையத்தில் பதிவேற்றுவதும் இப்போது உண்டு, ஆனாலும் ஆணியை விடவில்லை. விவாத நாளன்று வெளியிலிருந்து வந்த ‘எதிர்ப்பாளர்’ இரண்டு மணி நேரம் ஆய்வாளரைத் துருவி எடுப்பார். நடுவே யாராவது பாட்டி பின்வரிசையிலிருந்து கேள்வி கேட்டாலும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பாதி வழியில் நிறுத்த வேண்டியவர்களுக்கு ‘லைசென்ஷியேட்’ என்று இரண்டாண்டுப் பட்டமும் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. 1949-லிருந்து, பல்கலைக்கழக ஆசிரியர் கண்டுபிடித்ததன் காப்புரிமை பல்கலைக்கழகத்துக்கு அல்ல, அந்த ஆசிரியருக்கே சொந்தம். லுண்டில் நில்ஸ் ஆல்வால் என்ற மருத்துவப் பேராசிரியர் உருவாக்கிய செயற்கைச் சிறுநீரகத்தைச் சுற்றித்தான் 1964-இல் காம்ப்ரோ என்ற நிறுவனம் பிறந்தது. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் வீட்டில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கலாம்.

தங்குமிடம் பெரிய தலைவலி. ஸ்டாக்ஹோமிலும் லுண்டிலும் உப்சாலாவிலும் மாணவர் அறைக்கு வரிசை உண்டு, அதில் எத்தனை நாள் காத்திருந்தீர்கள் என்பதே தகுதி. இங்கும் பார்த்தால், அப்பா அம்மா வீட்டை விட்டு வெளியேறிய இருபது வயதினர் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கட்டணம் கட்டும் வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் அறைக்கு உத்தரவாதமோ முன்னுரிமையோ தருகின்றன. சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பிக்க வேண்டும். கிடைப்பது பெரும்பாலும் ‘காரிடார்’ அறை: பத்துப் பன்னிரண்டு அறைகளுக்கு ஒரு பொதுச் சமையலறை. உப்சாலாவின் ஃப்ளோக்ஸ்டா குடியிருப்பில் இரவு பத்து மணிக்கு மாணவர்கள் ஜன்னலைத் திறந்து ஒரே குரலில் கத்துவது பல ஆண்டு வழக்கம். புதிதாகப் போகிறவர் யாருக்கோ விபத்து என்று பயந்துவிட வேண்டாம். உப்சாலாவிலும் லுண்டிலும் பழைய மாகாணங்களின் பெயரில் ‘நேஷன்’ என்ற மாணவர் சங்கங்கள் உண்டு, உப்சாலாவில் மட்டும் பதின்மூன்று. மலிவான சாப்பாடு, பாட்டுக் குழு, நடனம், சில அறைகள் எல்லாம் அவற்றின் கையில். ஸ்வீடன்காரர்கள் தாமாக வந்து பேசுகிறவர்கள் இல்லை. நேஷனில் பாத்திரம் கழுவப் போனால் நண்பர்கள் கிடைப்பார்கள்.

குறைகள் இல்லையா என்றால், நிறைய உண்டு. 1993 முதல் ஒரு பல்கலைக்கழகத்துக்கு எத்தனை மாணவர் சேர்ந்தார்கள், எத்தனை புள்ளி தேறினார்கள் என்பதை வைத்துத்தான் கற்பித்தலுக்குப் பணம் வருகிறது. அதிலும் ஆண்டுதோறும் ‘செயல்திறன்’ என்ற பெயரில் கொஞ்சம் கழித்துக்கொள்கிறார்கள். முப்பது ஆண்டு இப்படிக் கழித்தால் என்ன ஆகும்? கலைப் படிப்புகளில் வகுப்பு நேரம் தேய்ந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். மாணவர் தற்சார்பு என்று அழகாகச் சொல்லிக்கொள்வது பாதி உண்மைதான். ஆராய்ச்சிப் பணத்தில் பாதிக்கும் மேல் வெளி நிதி. அதனால் முனைவர் பட்டத்துக்குப் பிறகு நிரந்தர வேலைக்காக மனிதர்கள் ஆண்டுக் கணக்கில் தற்காலிக ஒப்பந்தங்களில் அலைகிறார்கள். சம்பளத்தோடு ஐந்து வருடம் சொகுசாகப் படித்தவருக்கு ஆறாவது வருடம்தான் கசப்பு தெரியும்.

குடியேற்றச் சட்டமும் முன்போல் இல்லை. முனைவர் மாணவர்கள் நான்கு ஆண்டில் நிரந்தரக் குடியிருப்பு பெறும் வழி 2021 ஜூலையில் திடீரென இறுகியது. முதுகலை முடித்தவருக்கு வேலை தேட ஓராண்டு வரை அனுமதி உண்டு. 2023 நவம்பரிலிருந்து வேலை அனுமதிக்கு நாட்டின் இடைநிலை ஊதியத்தில் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்கும் சம்பளம்) குறைந்தது 80 சதவீதம் சம்பளம் வேண்டும் என்றார்கள். வரம்பை மேலும் உயர்த்துவதே அரசின் விருப்பம். எம்.எஸ். முடித்து மென்பொருள், மின்னணு, வாகனத் துறைகளில் வேலை கிடைப்பவருக்கு இந்தச் சம்பளம் எட்டும். மற்ற துறைகளில் சிரமம்.

மொழியை அலட்சியப்படுத்த வேண்டாம். முதுகலையில் ஆங்கில வழிப் படிப்புகள் ஆயிரத்துக்கு அருகில் உள்ளன, கடைக்காரர் முதல் பேருந்து ஓட்டுநர் வரை ஆங்கிலம் பேசுவார்கள். அதனால்தான் ஆபத்து. இரண்டு வருடம் ஸ்வீடிஷ் இல்லாமலேயே ஓடிவிடும், மூன்றாம் வருடம் வேலை தேடும்போது கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தும். முதல் மாதமே பல்கலைக்கழகத்தின் இலவச ஸ்வீடிஷ் வகுப்பில் சேர்வது நல்லது. அதே போல, கடைசிப் பருவத்து 30 புள்ளி ஆய்வேட்டை ஒரு கம்பெனியில் செய்ய முயல வேண்டும். பொறியியலில் இது வழக்கம், பலருக்கு முதல் வேலை அந்த மேசையிலிருந்தே கிடைக்கிறது.

ஆக, அனுப்பலாமா? 50 லட்சத்தை வீட்டை அடமானம் வைத்துத்தான் புரட்ட வேண்டும் என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். உதவித்தொகை கிடைத்தால், அல்லது பணம் நெருக்கடி இல்லை என்றால், படிப்பில் தானாக ஓடக்கூடிய பெண்ணுக்கு அது நல்ல இடம். யாராவது பின்னால் நின்று விரட்டினால்தான் படிப்பாள் என்றால் பொருந்தாது. ஆராய்ச்சிதான் குறிக்கோள் என்றால் இங்கேயே நல்ல முதுகலை முடித்துவிட்டு நேராக முனைவர் இடங்களுக்கு விண்ணப்பிப்பது மலிவான வழி.

விண்ணப்பிப்பது என்று முடிவானால் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே அரசு இணையதளம், கட்டணம் 900 குரோனர். ஏஜெண்டு தேவையே இல்லை. இலையுதிர் பருவத்துக்கு அக்டோபர் நடுவில் திறந்து ஜனவரி நடுவில் மூடுவார்கள். முதுகலையில் நான்கு படிப்புகள் வரை வரிசைப்படுத்தலாம். இந்த வரிசையில் கவனம் வேண்டும்: மேலே இருக்கும் ஒன்றில் இடம் கிடைத்துவிட்டால் கீழே உள்ளவை தானாக நீங்கிவிடும். எளிதாகக் கிடைக்கும் என்று ஒன்றை முதலில் போட்டால் அதுவே தலையில் விழும். உண்மையில் எது வேண்டுமோ அதை முதலில் போட வேண்டும். சான்றிதழ்களையும் விண்ணப்பக் கட்டணத்தையும் பிப்ரவரி தொடக்கத்துக்குள் முடிக்க வேண்டும், முடிவு மார்ச் கடைசியிலிருந்து வரத் தொடங்கும். இடம் கிடைத்தால் முதல் பருவக் கட்டணத்தைக் கட்டியபிறகே குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும். அதற்குச் சில மாதம் பிடிக்கும் என்பதால் ஏப்ரலிலேயே பணத்தைத் தயாராக வைத்திருங்கள்.